மஞ்சள் சட்டையும் மாதா கோயிலும்

திருச்சியில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மெயின் கார்டு கேட் பக்கம் நடந்தால், மலைக்கோட்டையோடு போட்டி போட்டுக்கொண்டு ஓர் ஊசிக் கோபுரம் கண்ணில் படும். லூர்து மாதா கோயில். 1883-ல் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே குடிவந்த செயின்ட் ஜோசப் கல்லூரியின் வளாகத்தில், 1890-களில் எழும்பிய கோதிக் கட்டடம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். பார்க்காமலும் இருக்க முடியாது.

கோயில் அழகு கிடக்கட்டும். உள்ளே வருகிற ஆளைப் பற்றிப் பேசுவோம். (எந்த ஊர் சர்ச்சுக்கும் இது பொருந்தும், திருச்சிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

நீங்கள் மாற்றலாகி இந்த ஊருக்கு வந்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். மேன்ஷன் ரூம், மெஸ் சாப்பாடு. ஞாயிறு பூசையில் கடைசி பெஞ்ச். சமாதானம் சொல்கிற நேரத்தில் பக்கத்து ஆள் உங்கள் முகத்தைப் பார்க்காமலே ஒரு கும்பிடு போடுவார். நன்மை வாங்கின கையோடு பாதிப் பேர் பைக்கை எடுக்கக் கிளம்பிவிடுவார்கள். ஆறு மாசம் ஆனாலும் உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது. காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துவிட்டால், ஏன் வரலை என்று கேட்க நாதியில்லை.

அதே ஞாயிறு சாயங்காலம், டி.வி. உள்ள டீக்கடை வாசலில் நில்லுங்கள். சென்னை சூப்பர் கிங்ஸ் ஆடுகிறது. 'ஸ்கோர் என்னண்ணே?' என்று ஒரு வார்த்தை போதும். மூணாவது ஓவரில் பெஞ்சில் இடம் கிடைக்கும். பத்தாவது ஓவரில் தோளில் கை விழும். அடுத்த மேட்சுக்கு வராவிட்டால், 'எங்க, ஆளையே காணோம்?' என்று விசாரணை வேறு!

விசிலடிச்சான் குஞ்சுகள் என்று லேசாக நினைத்துவிடாதீர்கள். 2016, 2017 இரண்டு சீசனும் தடை. 2018-ல் அணி திரும்பி வந்தது. காவிரிப் போராட்டம் சூடாக இருந்த நேரம். சேப்பாக்கத்தில் ஒரே ஒரு மேட்ச் நடந்தது, மிச்சத்தைப் புனேவுக்கு மாற்றிவிட்டார்கள். ரசிகர்கள் என்ன செய்தார்கள்? ஏப்ரல் 19-ல் சுமார் ஆயிரம் பேர் மஞ்சள் சட்டையோடு தனி ரயிலில் புனேவுக்கே போய்விட்டார்கள். 2025-ல் பத்து அணிகளில் பத்தாவது இடம். வாய் வலிக்கத் திட்டினார்கள். திட்டினவர்களும் மஞ்சள் சட்டைக்காரர்கள்தான். நம்மாட்களோ பிரசங்கம் பத்து நிமிஷம் நீண்டால் வேறு கோயில் தேடுகிறார்கள்.

இதைக் கற்றுக்கொள்ள டீக்கடைக்குத்தான் போகணும் என்பதில்லை. ஆகஸ்ட் கடைசியில் திருச்சி–தஞ்சாவூர் ரோட்டில் நின்று பாருங்கள். காவி உடுத்தி, வேளாங்கண்ணிக்குக் கூட்டம் கூட்டமாக நடப்பார்கள். செப்டம்பர் 8 மாதா பிறந்த நாள் வரைக்கும் திருவிழா. ஒருத்தருக்குக் காலில் கொப்புளம் என்றால் இன்னொருத்தர் மருந்து தேடுவார். சாப்பாட்டுப் பொட்டலம் பொது. ஒரே நிறச் சட்டை, ஒரே பாட்டு, ஒரே ஊரை நோக்கி நடை. திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, அதே ஆட்கள் தனித்தனி பெஞ்சில்! பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கவும் ஒருத்தரையொருத்தர் விசாரிக்கவும்தான் பங்குகளில் 'அன்பியம்' என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். மேன்ஷன்வாசியை அதற்கு யார் கூப்பிடுவது? கூப்பிட்டால் அவர் வருவாரா என்பது அப்புறம்.

ஒரு வித்தியாசத்தையும் சொல்லியாகணும். புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது ஓட்டப்பந்தயத்தை உதாரணம் காட்டினார். ஆனால் அவர் சொன்னது ஓடுகிறவனை. கேலரியில் உட்கார்ந்து கைதட்டுகிறவனை அல்ல. ரசிகன் எத்தனை கத்தினாலும் பேட் அவன் கைக்கு வராது. கோயிலில் கடைசி பெஞ்ச்காரனுக்கும் வேலை உண்டு: பாட்டு, வாசகம், நாற்காலி அடுக்குவது, நோயாளியைப் பார்க்கப் போவது.

இது கண்ணால் பார்க்க வேண்டிய சமாசாரம் என்றால், ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி, அன்று மேட்சைப் புனேவுக்கு விரட்டிய அதே காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் போங்கள். 1987-ல் முடிந்த 236 அடி ராஜகோபுரம் எப்போதும் இருக்கும். நீங்கள் சித்திரைத் தேரன்று போங்கள். சுற்றுவட்டாரக் கிராமத்து ஜனம் மொத்தமும் சித்திரை வீதியில் நிற்கும். வடத்தில் கை வைத்தவனை யாரும் ஊர், பேர், உத்தியோகம் கேட்பதில்லை. 'செருப்பைக் கழட்டி அந்தாண்ட போடுப்பா, கொஞ்சம் நெருங்கிப் பிடி' என்பார்கள், அவ்வளவுதான்.