58 என்றால் 60

பேத்தி வீட்டிலிருந்தே பெங்களூர் கம்பெனிக்கு வேலை செய்கிறாள். மருந்துக் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள். போன வாரம் காபி கொடுக்கப் போனபோது திரையை எட்டிப் பார்த்தேன். எனக்குப் புரிந்தது ஒரே வரிதான்: 'ஜிஎஸ்டி12 = 5'.

"என்னம்மா, பன்னிரண்டு எப்படி அஞ்சாகும்?"

"2025 செப்டம்பர்ல 12 சதவீத வரியை எடுத்துட்டாங்கல்ல தாத்தா. முக்கால்வாசி மருந்துக்கு இப்ப 5தான். மதிப்பை மட்டும் மாத்திட்டேன். எல்லாம் ஓடுது."

நிரலில் ஒரு மதிப்புக்குப் பெயர் வைத்து, எங்கும் அந்தப் பெயரையே எழுதுவார்களாம். மாறிலி. நல்ல ஏற்பாடுதான். பெயருக்குள்ளேயே எண்ணை வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

தொண்ணூறுகளில் எங்கள் ஆபீசில் ஓய்வுபெறுவோர் பட்டியலுக்கு ஒரு பையன் புரோகிராம் எழுதினான். ஓய்வு வயதுக்கு என்ன பெயர் வைக்க என்று கேட்டான். "வயது58 என்று வை" என்றவன் நானே. 1998-இல் மத்திய அரசு அதை 60 ஆக்கியது. புதுச்சேரியில் எங்களுக்கும் அதேதான். பையன் மதிப்பை மாற்றினான், பெயரை விட்டுவிட்டான். பிறகு வந்த ஆபரேட்டர் 'வயது58 = 60' என்பதைப் பார்த்து, தட்டச்சுப் பிழை என்று திருத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அந்த மாதப் பட்டியலில் எங்கள் அட்டெண்டர் பெயர் வந்தது. நான் சரிபார்க்காமல் இனிஷியல் போட்டேன். மாலைக்குப் பணம் வசூலிக்கக்கூட ஆரம்பித்துவிட்டார்கள். மகள் கல்யாணம் பேசி வைத்திருந்த மனிதர். பிறந்த தேதியைத் தப்பாகப் பதிந்துவிட்டார்களோ என்று இரண்டு நாள் தூங்கவில்லையாம். மூன்றாம் நாள் என் மேஜைக்கு வந்து, "ஐயா, எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்குன்னு நெனச்சேனே" என்றார். சர்வீஸ் புக்கைப் பிரித்தேன். இருந்தது.

பிரெஞ்சுப் பள்ளியில் எங்கள் கணக்கு முசே, 'எக்ஸ்' எழுதும் முன்பே அது விலையா, தூரமா, வயதா என்று 'சுவா' போட்டு ஒரு வரி எழுதச் சொல்வார். எழுதாவிட்டால் விடை சரியானாலும் பாதி மதிப்பெண். அவரிடம் படித்தவன்தான் 'வயது58' என்று பெயர் வைத்தேன்.

இதைக் கேட்டதும் பேத்தி, 'மருந்து வரி' என்று பெயரை மாற்ற ஒவ்வோர் இடமாகத் தேடினாள். ஓர் இடத்தில் யாரோ, வருஷத்துக்கு 12 மாதம் என்பதற்கும் அதே 'ஜிஎஸ்டி12'-ஐப் போட்டிருந்தானாம். மருந்தின் காலாவதியைக் கணக்கிடும் இடம் அது. கடையில் ஒரு வருஷம் ஐந்து மாதமாகியிருந்தது!

அட்டெண்டர் இன்றும் பொங்கலுக்கு வீட்டுக்கு வருவார். வாசலிலேயே நின்று, "ஐயா, எனக்கு ரெண்டு வருஷம் இருக்கா?" என்பார்.