காகிதத்தின் முதுகு

சென்ற ஐப்பசி மாதத்தில், கூரை ஓடு மாற்றுவதற்கென்று என் மனைவியும் நானும் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்து, கடல் கடந்த நாட்டிலுள்ள பழம்புத்தக வியாபாரி ஒருவருக்கு அனுப்பினேன். ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம். அதற்கு ஈடாக எனக்கு வந்து சேர்ந்தவை ஒரு சாண் நீளமுள்ள இரண்டு தனித் தாள்கள். வீட்டிலே முன்கூட்டிச் சொல்லாதது என் பிழை. அதனை ஈண்டு மறைத்துப் பயனில்லை.

அத்தாள்கள் எந்த நூலிலிருந்து கழன்றவை என்பதைச் சொன்னால்தான், ஓரளவு படித்த மனிதன் ஒருவன் இவ்வாறு நிதானம் இழந்த காரணம் நேயர்களுக்கு விளங்கும். 1923ஆம் ஆண்டில் பேர்லின் நகரிலே, ருஷ்யக் கவிஞர் மாயாகோவ்ஸ்கியின் பதின்மூன்று கவிதைகள் ‘குரலுக்காக’ என்னும் பெயரில் ஒரு சிறு நூலாக வெளிவந்தன. அதனை வடிவமைத்தவர் எல் லிஸிட்ஸ்கி என்னும் ஓவியர். கூட்டங்களில் எழுந்து நின்று உரக்க வாசிப்பதற்கான நூல் அது. வாசிப்பவன் வேண்டிய கவிதையைத் தேடித் தடுமாறலாகாது என்று எண்ணிய லிஸிட்ஸ்கி, முகவரிப் புத்தகங்களில் உள்ளதுபோல ஏட்டின் ஓரத்தைப் படிப்படியாக வெட்டுவித்து, ஒவ்வொரு படியிலும் கவிதைக்கு ஓர் அடையாளத்தைப் பொறித்தார். உள்ளே சிவப்பும் கறுப்புமாகிய இரண்டே நிறங்கள். நங்கூரம்போலவும் கப்பல்போலவும் தோன்றும் உருவங்களைத் தூரிகையால் வரையாமல், அச்சகத்தின் எழுத்துப் பெட்டியிலுள்ள எழுத்துகளையும் கோடுகளையும் கொண்டே கட்டினார். அவற்றைக் கோத்த தொழிலாளி ஒரு ஜேர்மானியர். அவருக்கு ருஷ்ய மொழியில் ஓர் எழுத்தும் தெரியாதாம்!

இதிலே எனக்குற்ற ஈடுபாடு கலையார்வத்தால் மட்டும் வந்ததன்று. என் தந்தையார் யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய அச்சகத்திலே முப்பது ஆண்டுகள் எழுத்துக் கோத்தவர். கோயில் திருவிழா விஞ்ஞாபனங்கள், நாடக நோட்டீசுகள், கலியாண அழைப்பிதழ்கள், அந்தியேட்டிக் கல்வெட்டுகள் ஆகியன அவர் கையால் உருவாயின. தமக்குப் பிடித்த வேலையாயின் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்புறத்திலே திகதியை எழுதி, ஒரு தகரப் பெட்டியில் இடுவார். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் ஊரோடு ஊராக நாங்களும் வெளியேறியபோது, அந்தப் பெட்டி பின்னே தங்கிவிட்டது. அடுத்த ஆண்டு திரும்பி வந்து பார்த்தால் கூரையில் பாதி இல்லை. பெட்டிக்குள்ளே மழையும் கறையானும் புகுந்திருந்தன. எஞ்சிய மண்ணை வாரிக் கொட்டியவன் நான். அப்போது எனக்குப் பதினைந்து வயது. ஐயா அதைப்பற்றி இன்றுவரை ஒரு சொல்லும் பேசியதில்லை.

பின்னர் பேராதனையில் மாணவனாயிருந்த காலத்தில், நூலகத்துக் கலை வரலாற்று நூலொன்றிலே லிஸிட்ஸ்கியின் பக்கம் ஒன்றைத் தற்செயலாகக் கண்டேன். மற்றவர்கள் அதிலே புரட்சியைக் காணலாம், புதுமையைக் காணலாம். எனக்குத் தெரிந்ததோ ஐயாவின் மேசை.

அன்று பிடித்த பித்து இன்னும் விடவில்லை. பழைய கண்காட்சிப் பட்டியல்கள், தபால் அட்டைகள், படப் பிரதிகள் என்று ஆசிரியச் சம்பளத்துக்கு எட்டியவற்றைச் சேர்த்து வருகிறேன். சேகரிப்பவன் என்று சொல்லிக்கொள்ளவும் கூச்சமாயிருக்கிறது; பொறுக்குபவன் என்றால் பொருந்தும். பொறுக்குதலுக்கும் பெரியவர்கள் முன்னோடிகளாய் இருந்திருக்கிறார்கள். ஹனோவர் நகரத்துக் கேர்ட் ஷ்விட்டர்ஸ் ட்ராம் வண்டிச் சீட்டுகளையும் கிழிந்த விளம்பரங்களையும் ஒட்டியே படங்கள் செய்தவர். வங்கிப் பெயரொன்றைத் தாங்கிய கடதாசியில் வெட்டுண்டு எஞ்சிய ‘மேர்ஸ்’ என்னும் பொருளற்ற துண்டையே தம் கலைக்குப் பெயராக வைத்தார்.

இத்தகைய அச்சுத்தாள்கள் அருமையாகிப்போனதற்குக் காரணம் எளியது. அவை மலிவான தாளிலே, ஒருநாட் பயனுக்காக அடிக்கப்பட்டவை. வேலை முடிந்ததும் எறியப்பட்டன. எறியாமல் வைத்திருந்தவர்களுக்கோ வேறோர் ஆபத்து வந்தது. 1937ஆம் ஆண்டில் நாஸிகள் புதுமைக் கலையைச் ‘சீரழிந்த கலை’ என்று மியூனிக் நகரிலே காட்சிக்கு வைத்து இழிவுபடுத்தினார்கள். அதன்பின் அவற்றை வீட்டில் வைத்திருப்பதற்கே நெஞ்சுரம் வேண்டியிருந்தது. ஹன்னா ஹோக் என்னும் பெண்மணியிடம் அது இருந்தது. பத்தாண்டு காலம் பேர்லின் பதிப்பகமொன்றில் பெண்களுக்கான தையல், பின்னல் வேலை மாதிரிகள் வரைந்து சீவித்தவர் அவர். 1939ஆம் ஆண்டில் நகரின் ஓரத்திலே ஒரு சிறு வீட்டை வாங்கி, ‘டாடா’ நண்பர்களின் துண்டுப் பிரசுரங்களையும் கடிதங்களையும் படங்களையும் அங்கே ஒளித்து வைத்துப் போர்க்காலம் முழுவதும் காத்தார். அந்தச் சிறு வீட்டில் தப்பியவை இல்லையாயின், இன்று பேர்லினிலே டாடாக்காரர் செய்த பலவற்றை நாம் அறிந்திரோம். அவரது வரலாற்றை வாசிக்குந்தோறும் எனக்கு அந்தத் தகரப் பெட்டியின் நினைவு வரும்.

தாள்கள் வந்த அன்று அவற்றை முதலில் ஐயாவிடந்தான் காட்டினேன். எண்பது வயது, பார்வை மங்கிவிட்டது. பூதக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். எந்தக் கோடு எதனோடு பொருந்தி நிற்கிறது, எந்த இடத்தில் ஈயக் கட்டை வைத்து இடைவெளியை நிரப்பியிருப்பார்கள் என்று விரலாலே காட்டிக்கொண்டு போனார். கோத்தவருக்கு மொழி தெரியாது என்று நான் சொன்னதும் சிரித்தார்.

“அதுதான் தம்பி நல்லது. தெரியாத பாஷையெண்டால் எழுத்தெழுத்தாய்ப் பார்த்துக் கோப்பம். தெரிஞ்ச பாஷையிலைதான் பிழை விடுறது.”

பின்பு தாளைக் கவிழ்த்து, முதுகுப் பக்கத்தைச் சுட்டு விரலால் மெல்லத் தடவினார். மீண்டும் தடவினார். முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது.

“தம்பி, இது ஈய எழுத்தாலை அடிச்சதில்லை. முதுகிலை ஒண்டும் தட்டுப்படேல்லை.”

ஈய எழுத்து தாளை அழுத்திப் பதியும். பின்புறத்தில் அதன் தழும்பு விரலுக்குத் தெரியும். இந்தத் தாளின் முதுகோ கண்ணாடிபோல் வழுவழுப்பாயிருந்தது. பூதக் கண்ணாடியை வாங்கி நானும் பார்த்தேன். பழந்தாளின் மஞ்சள் நிறமே நுண்ணிய புள்ளிகளாக அச்சிடப்பட்டிருந்தது. அந்நூலுக்குப் பிற்காலத்தில் நகற்பதிப்புகள் வந்துள்ளன. அவற்றுள் ஏதோ ஒன்றைப் பிரித்து எனக்கு விற்றிருக்கிறார்கள்.

ஆயினும் மனம் ஒப்பவில்லை. மறுநாள் பட்டினத்தில் நாணயம் மாற்றும் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவனிடம் சென்றேன். கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கும் ஊதா விளக்கு அவனிடம் உண்டு. தாளை வெண்மையாக்கும் ஒளிர்பொருள்கள் 1950ஆம் ஆண்டளவிலிருந்தே காகித ஆலைகளிற் பரவலாயின. 1923ஆம் ஆண்டுத் தாள் அந்த ஒளியிலே மங்கித்தான் கிடக்க வேண்டும். அவன் தாளை விளக்கின் கீழே வைத்தான்.

“சேர், ஓரமெல்லாம் நீலமாய் எரியுது. காசெண்டால் நான் வாங்க மாட்டன்.”

வியாபாரிக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன், பதில் இல்லை. அன்றிரவு உண்மையை மனைவியிடம் கூறினேன். அவள் கோபித்திருந்தால் ஆறுதலாயிருந்திருக்கும். ஒன்றும் சொல்லாமல் அடுப்படியிலிருந்து வாளியைக் கொண்டுவந்து ஒழுக்கின் கீழே வைத்துவிட்டுப் படுக்கப் போனாள். அந்த மாரி முழுவதும் வாளியில் விழும் துளியின் ஓசையைக் கேட்டுக்கொண்டே விடைத்தாள் திருத்தினேன். தை பிறந்த பின்னர், சங்கத்திலே கடன் எடுத்து ஓடு மாற்றினோம். கடன் இன்னும் தீரவில்லை.

தாள்களை எறிந்துவிட நினைத்தேன்; ஐயா தடுத்துவிட்டார். “அடிச்சது கள்ளமாய் இருக்கலாம், கோத்தவன்ரை வேலை கள்ளமில்லை” என்றார். இப்போது அவை அவருடைய மேசையிலே கிடக்கின்றன. மாலை வேளைகளில் என் மகள் அவர் பக்கத்தில் அமர்ந்து, தீக்குச்சிகளையும் வெட்டிய மட்டைத் துண்டுகளையும் அடுக்கி அந்தப் பக்கத்தைக் கட்டிப் பார்க்கிறாள். சென்ற மாதம் பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு அவள் வகுப்பார் நோட்டீசு ஒன்று செய்யவேண்டியிருந்தது. சிவப்பும் கறுப்பும் மட்டும் போதும் என்று பிடிவாதமாய் நின்று, கோடுகளாலேயே ஓடும் பிள்ளை ஒன்றைச் செய்தாள். கால் ஒன்று சற்றே நீண்டுவிட்டது. பாடசாலை மதிலில் இரண்டு நாள் ஒட்டியிருந்த அந்த நோட்டீசை மூன்றாம் நாள் பத்திரமாகக் கழற்றி வந்தேன். ஐயா அதை வாங்கித் தடவிப் பார்த்து, பின்புறத்தில் திகதியை எழுதித் தரும்படி என்னிடம் நீட்டினார்.