முழங்கை போட்ட வளைவுகள்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், அலபாமா ஆறு பெரிதாக வளைந்து திரும்பும் இடத்தில் இருக்கிறது ஜீஸ் பெண்ட். மூன்று பக்கமும் தண்ணீர். வரைபடத்தில் பாய்கின் என்று போட்டிருக்கும். ஊர்க்காரர்களுக்கு இன்றும் அது ஜீஸ் பெண்ட்தான். பஞ்சுத் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். பலருடைய பெயரின் பின்னால் இருக்கும் ‘பெட்வே’, அந்தத் தோட்ட முதலாளியின் குடும்பப் பெயர்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேம்டன் நகரம். படகில் போனால் சீக்கிரம் போய்விடலாம், சாலையில் சுற்றிப் போனால் ஒரு மணி நேரம். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க ஊர்க்காரர்கள் கேம்டனுக்குப் போகத் தொடங்கிய 1962-ல் படகை நிறுத்திவிட்டார்கள். அது திரும்பி வந்தது 2006-ல். 44 வருடம்!

இந்த ஊருக்கு உலகப் புகழ் தந்தது ஒட்டுத்துணிப் போர்வை. ‘குயில்ட்’ என்பார்கள். சுவர் இடுக்கில் காற்று புகும் வீடுகள், குளிரில் நடுங்கும் பிள்ளைகள். கிழிந்த கால்சட்டை, மாவுச் சாக்கு என எது கிடைத்தாலும் வெட்டி ஒட்டுப்போட்டார்கள். 1942-ல் மிசௌரி பெட்வே என்பவர், இறந்துபோன கணவரின் வேலைத் துணிகளையே போர்வையாகத் தைத்தார். அவர் நினைவாகப் போர்த்திக்கொள்ள.

மேல்துணியை ஒட்டுப்போடுவது பெரும்பாலும் தனி ஆள் வேலை. நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி வைத்து மூன்றையும் சேர்த்துத் தைக்கும்போதுதான் கூட்டம் சேரும். மரச்சட்டத்தைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து, பாட்டும் பேச்சுமாகத் தைப்பார்கள்.

அப்படித் தைக்கும்போது அமெரிக்காவின் தென்பகுதியில் பரவலாகப் போடுவது விசிறி வளைவு. சில ஊர்களில் ‘பாப்டிஸ்ட் விசிறி’ என்று பெயர். அளவுகோல் வேண்டாம், அச்சு வேண்டாம். முழங்கையைத் துணியில் ஊன்றி, சாக்கட்டி பிடித்த கையைச் சுழற்றினால் ஒரு வளைவு கிடைக்கும். அதற்குள்ளே இன்னொன்று, அதற்குள் இன்னொன்று. விசிறி முடிந்ததும் பக்கத்தில் அடுத்தது. மேல்துணியில் கட்டமோ பட்டையோ எது இருந்தாலும் அதைக் கண்டுகொள்ளாமல், போர்வை முழுக்க ஒரே ஓட்டுத் தையல் அலை. கை நீளம் ஆளுக்கு ஆள் மாறும் இல்லையா? அதனால் எந்த இரண்டு போர்வையின் அலையும் ஒன்றுபோல் இருக்காது. இயந்திரத்தில் இதே வளைவைப் பிசிறில்லாமல் போடலாம். ஆனால் பார்க்க அலுத்துவிடும்.

1966-ல் ‘ஃப்ரீடம் குயில்டிங் பீ’ என்ற கூட்டுறவு சங்கம் தொடங்கி, போர்வைகள் பெருநகரக் கடைகளுக்குப் போயின. பிறகு வயது ஏற, கண் மங்க, பலர் ஊசியைக் கீழே வைத்தார்கள். பழைய போர்வைகள் கட்டிலடியில் கிடந்தன. சிலர் கொசு விரட்டக் கொளுத்தினார்கள்! புகைப்படத்தில் பார்த்த ஒரு போர்வையைத் தேடி வில்லியம் ஆர்னெட் என்ற சேகரிப்பாளர் வந்தபோது, அதுவும் போன வாரம் எரித்ததோடு போயிருக்கும் என்றே அதைத் தைத்த ஆனி மே யங் நினைத்தார். மறுநாள் வீட்டைக் கிளறியதில் கிடைத்துவிட்டது.

2002-ல் ஹூஸ்டன் கலை அருங்காட்சியகச் சுவரில் இந்தப் போர்வைகள் தொங்கின. தொடர்ந்து நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம். 2006-ல் 10 தபால்தலைகள். எரிக்கத் துணிந்ததை அருங்காட்சியகச் சுவரில் பார்த்த பெண்கள், விட்ட ஊசியை மறுபடி எடுத்தார்கள். லாபத்தில் யாருக்கு எவ்வளவு என்ற வழக்குகளும் கூடவே வந்து, பின்னர் தீர்ந்தன.

2022 முதல் அக்டோபரில் இங்கே போர்வைகளை வெளியே காயப்போடும் திருவிழா நடக்கிறது. திண்ணையிலும் கொடியிலும் நிறம் நிறமாகத் தொங்கும். எல்லோரும் முன்பக்கத்தைப் படம் எடுப்பார்கள். விசிறி வளைவு போட்ட போர்வை ஏதாவது கண்ணில் பட்டால், பின்பக்கம் போய்ப் பாருங்கள். மேல்துணியின் ஒட்டுவேலை அங்கே இருக்காது. தைத்தவரின் கை போன தடம் வரிவரியாகத் தெரியும்.