அம்மாவின் கத்தி

நாற்பது வயதைத் தாண்டிய வாத்தியார் ஞாயிற்றுக்கிழமையில் பொம்மைக் கார் ஒட்டிக்கொண்டிருந்தால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். என் மனைவிக்கே வந்தது. ஆனால் இது தரையில் உருட்டி விளையாடும் பொம்மையன்று. உண்மையாக ஓடிய பழைய பந்தயக் காரை இருபதில் ஒரு பங்காகச் சுருக்கி, துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். நிஜக் காரில் 20 சென்டிமீட்டர் இருப்பது இதில் 1 சென்டிமீட்டர். பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பொருளை நான் கண்டதில்லை.

ஜப்பானின் தாமியா நிறுவனம் செய்த பெட்டி அது. 1990களில் நம் பிள்ளைகள் பேட்டரி போட்டு ஓடவிட்ட குட்டிக் கார்களால் தோட்டப்புறம் வரை தெரிந்த பெயர்தான். நான் வாங்கியது ஹோண்டா ஆர்ஏ272. வெள்ளை உடம்பு, முன்புறத்தில் சிவப்பு வட்டம். 1965 அக்டோபரில் மெக்சிகோ பந்தயத்தில் ரிச்சி கிந்தர் என்ற அமெரிக்கர் இதை ஓட்டி, முதல் சுற்றிலிருந்து கடைசிவரை முன்னால் நின்று ஜெயித்தார். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஹோண்டாவுக்கு அதுவே முதல் வெற்றி. டயர் கொடுத்த குட்இயருக்கும் அதுவே முதல் வெற்றி. ஹோண்டா கார் விற்கத் தொடங்கியதே 1963இல்தான் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

எங்கள் அம்மா முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். பிறகு லயத்தையும் உடைத்தார்கள். ஈப்போவில் எங்கள் தாமான் வீட்டுக்கு வந்த பிறகு அவருக்கு ஒரு வேலையும் இல்லை. விடியற்காலை நாலரைக்கு விழிப்பு வந்துவிடும். பிரட்டுக்குப் புறப்படுகிறவர்போல முகம் கழுவி, தலைவாரி, நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். "கை சும்மா இருக்கேப்பா" என்பார். பேச்சு குறைந்தது. சாப்பாடும் குறைந்தது. டாக்டர் கொடுத்த மாத்திரை தூக்கத்தைத்தான் தந்தது. அம்மா கண்முன்னே கரைந்துகொண்டிருக்கிறார் என்று எனக்குள் பயம்.

பெட்டியிலுள்ள துண்டுகள் ஒரு சட்டத்தில் காம்போடு ஒட்டியிருக்கும். காம்பை அறுத்து, மிச்சத்தைக் கத்தியால் சீவ வேண்டும். அழுத்தினால் துண்டில் பள்ளம் விழும். ஒருநாள் அம்மா பக்கத்தில் வந்து நின்று, "குடு இங்கே" என்று கத்தியை வாங்கினார். ஒரே சீவல். நகம் வெட்டினாற்போல மெல்லிய சுருள் விழுந்தது. துண்டில் ஒரு கீறல் இல்லை.

மரம் வெட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உயிர்ப்பட்டைக்கு மேல் ஒரு மில்லிமீட்டர் அளவு விட்டுக் கத்தியை நிறுத்த வேண்டும். ஆழம் போனால் மரத்துக்குக் காயம். பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், கங்காணியிடம் ஏச்சும் கிடைக்கும். ஆழம் குறைந்தால் பால் வராது. இதை இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில் செய்த கை அது.

டயர் மாட்டிய அன்று, கறுப்பு வளையத்தை விரலால் அழுத்திப் பார்த்துக் கேட்டார்:

"இது நம்ம பாலாப்பா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாத்தியார் புத்தி விடவில்லை. பந்தயக் கார் டயரில் தரையைப் பிடிக்கும் பாகம் பெரும்பாலும் எண்ணெயிலிருந்து செய்யும் செயற்கை ரப்பர்தான் என்றேன். அம்மாவின் முகம் வாடியது. ஆனால் பெரிய லாரிக்கும் விமானத்துக்கும் இன்றும் இயற்கை ரப்பர் வேண்டும். பாரம் தூக்கி ஓடும்போது அதில் சூடு குறைவாக ஏறும், சீக்கிரம் கிழியாது என்று சொன்னேன்.

"ஏரோப்ளேன் எறங்குறப்ப?"

"அந்த டயர்லதாம்மா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அன்று இரண்டாவது தடவையாகச் சோறு கேட்டார்.

இப்போது சனிக்கிழமைகளில் என் மாணவர்கள் நான்கு பேர் வீட்டுக்கு வருகிறார்கள். ஒட்டுவது அவர்கள், சீவுவது அம்மா. அவசரப்படும் பையனுக்கு, "காயம் பண்ணாதடா" என்று அதட்டல் விழும். அடுத்த பெட்டி லோட்டஸ் 25. 1963இல் ஜிம் கிளார்க் உலக வெற்றியாளரான பச்சை நிறக் கார். படத்தைக் காட்டினேன். அம்மா படத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"அது இருக்கட்டும். கத்தி மொட்டையாப் போச்சு. வரும்போது ஒரு சாணைக்கல்லு வாங்கிட்டு வா" என்றார்.