அடிபம்பு ஓரத்துத் தேரை

ராயபுரத்தில் எங்கள் முற்றத்து அடிபம்பின் கீழே, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு தேரை வந்து உட்காரும். பின்னங்கால்களை அகட்டி, அடிவயிற்றை ஈரச் சிமெண்டில் அப்பிக்கொண்டு அசையாமல் கிடக்கும். தூங்குகிறது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அது தண்ணீர் குடிக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. தவளையும் தேரையும் வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. தொடையிடுக்கை ஒட்டிய மெல்லிய தோல் வழியாக உறிஞ்சிக்கொள்கின்றன. மூச்சிலும் ஒரு பங்கு அந்த ஈரத் தோல் வழியாகத்தான்.

“கிட்டப் போகாதடா, மரு வரும்” என்பார் அம்மா. மரு வராது. கண்ணுக்குப் பின்னால் புடைத்த சுரப்பியில் பால் போன்ற நஞ்சு உண்டு. தொட்டவன் கையைக் கழுவிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

குளிர்நாட்டுத் தேரைகள் பனிக்காலம் முழுக்க மண்ணுக்குள் முடங்குமாம். எங்கள் தேரைக்குக் கத்திரி வெயில்தான் பகை. பகலெல்லாம் செங்கல் இடுக்கில் கிடக்கும்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். சிறுவயதில் திருவொற்றியூரில் மாமா வீட்டுக்குப் பின்னால் இருந்த காலிமனையில், பெருமழை பெய்த மறுநாள் பெருந்தவளைகளைப் பார்த்தேன். உடம்பெல்லாம் எலுமிச்சை மஞ்சள். தாடையின் இரு பக்கமும் நீலப் பைகள் உப்பி உப்பி அடங்கின. பெண்ணை அழைக்கும் அந்தக் குரல் பாம்புக்கும் கேட்கும், பிடிக்க வருகிறவனுக்கும் கேட்கும். வெளிநாட்டுச் சாப்பாட்டு மேசைக்காக அவற்றின் கால்கள் டன் டன்னாகக் கப்பலேறின; 1987-இல்தான் இந்தியா அந்த ஏற்றுமதிக்குத் தடை போட்டது.

ஆனால் எங்கள் பக்கத்துத் தவளை வாயால் மட்டும் கெடுவதாக எனக்குத் தோன்றவில்லை. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடு விழுந்தது. வலையும் படகும் பிசுபிசுத்தன. கூழைக்கடாக்களின் சிறகில் எண்ணெய் அப்பியிருந்த படங்களைப் பார்த்து மனம் பதறியது. தேரையை அன்று யார் நினைத்தார்கள்? நானும் நினைக்கவில்லை. பறவை சிறகடித்துப் போய்விடலாம், மீன் ஆழத்துக்கு இறங்கலாம். தோலால் குடித்துத் தோலால் மூச்சுவிடுகிற உயிர், தண்ணீரில் கலந்த எதற்கு எதிராகக் கதவைச் சாத்தும்?

பாத்திரம் கழுவும் சோப்பு நுரையும் அந்த அடிபம்பு மேடையில்தான் வழிகிறது. இப்போதெல்லாம் படுக்கப் போகுமுன் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் எடுத்து, அது உட்காரும் இடத்தை அலசிவிடுகிறேன். “யாருக்குடா ராத்திரியில் வாசல் தெளிக்கிற?” என்று அம்மா கேட்டார். சொன்னேன். மறுநாள் சொம்பை அவரே எடுத்து வைத்திருந்தார்.