பட்டியலுக்கு ஒரு கத்தரி

என் மொபைலில் 'படிக்க வேண்டியவை' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. சென்ற மாதம் எண்ணிப் பார்த்தேன். 312 புத்தகங்கள். கடன் வாங்கியவன்கூட பாக்கித் தொகையை இவ்வளவு சுத்தமாகச் சொல்ல மாட்டான்.

2006ல் ஓசியில் கிடைத்த ஒரு டைரியின் கடைசிப் பக்கத்தில் இது பிறந்தது. அப்போது மொத்தம் ஒன்பதே ஒன்பது பெயர்கள். அப்புறம் வம்சம் விருத்தியாகிவிட்டது. ஜனவரியில் பொங்கலை ஒட்டிச் சென்னைப் புத்தகக் காட்சி வந்தால் இருபது சேரும். (1977ல் சின்னதாக ஆரம்பித்த சமாசாரம் அது. இன்றைக்கு ஒரு நாளில் சுற்றி வந்தால் கால் வீங்கிவிடும்.) 2022ல் 'பொன்னியின் செல்வன்' சினிமாவாக வந்ததும் ஆபீஸ் டீக்கடையில் ஆளாளுக்கு "புக்கைப் படிச்சீங்களா ஸார்?" என்றார்கள். உடனே அதுவும் உள்ளே. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சிபாரிசு செய்த புத்தகம்கூட இருக்கிறது. பாயசம் வருவதற்குள் குறித்துக்கொண்டேன்.

பட்டியலில் ஒரு பெயரைச் சேர்ப்பதில் ஒரு சுகம் உண்டு. பாதி படித்துவிட்ட மாதிரி ஒரு திருப்தி. ஜிம்முக்குப் பணம் கட்டின அன்றைக்கே தொப்பை கொஞ்சம் இறங்கின மாதிரி தோன்றுமே, அதே ஜாதி.

சரி, கணக்குக்கு வருவோம். நான் படிப்பது தாம்பரம் - பீச் எலெக்ட்ரிக் ரயிலில். ஒரு கை கம்பியில், ஒரு கை புத்தகத்தில். பக்கம் புரட்ட மூக்கு. இந்த லட்சணத்தில் ஒரு நாளைக்கு 20 பக்கம் ஓடும். வருஷத்துக்கு 300 நாள் என்றால் 6,000 பக்கம். புத்தகத்துக்கு 250 பக்கம் என்று வைத்தால் வருஷத்துக்கு 24 புத்தகம். 312ஐ 24ஆல் வகுத்தால் 13 வருஷம். எனக்கு இப்போது 43. ஆக 56 வயதில் முடித்துவிடலாம், பரவாயில்லை என்று நினைத்தேன்.

நடுவில் ஒரு சிக்கல். வருஷத்துக்கு நாற்பது புத்தகம் புதிதாகச் சேர்கிறதே? 13 வருஷத்தில் 520. அதாவது இந்த 312ஐயும் படித்து முடிக்கும் நன்னாளில் பாக்கி 520 இருக்கும்! வட்டிக்காரன் தோற்றான்.

பேப்பரும் பேனாவுமாக நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரி கேட்டாள்: "ஏங்க, இந்தக் கணக்குப் போட்ட நேரத்துல நாப்பது பக்கம் படிச்சிருக்கலாமே?"

பதில் சொல்ல முடியாத கேள்வி. கத்தரியை எடுத்தேன்.

முதல் சுற்று சுலபம். ஏற்கெனவே படித்தவை, என்ன ஏது என்றே ஞாபகம் வராதவை ('சிவப்பு அட்டை, ரயில் கதை' என்று ஒரு வரி. யார் எழுதியது, ஆண்டவனுக்கே வெளிச்சம்), இரண்டு தடவை எழுதியவை. டால்ஸ்டாயின் ஒரே நாவல் இங்கிலீஷ் பெயரில் ஒரு தரம், தமிழ்ப் பெயரில் ஒரு தரம். ரேஷன் கார்டில் போலிப் பெயர் நீக்குகிற மாதிரி 41ஐ அடித்தேன்.

இரண்டாவது சுற்றில் மாட்டியவை, 'படித்திருக்கிறேன்' என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்வதற்காகவே உள்ளே வந்தவை. ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிஸிஸ்' 1922ல் வெளியானது. 1904 ஜூன் 16 என்ற ஒரே ஒரு நாளில் டப்ளின் நகரத்தில் நடக்கிற கதை. அவருக்கு ஒரு நாள். எனக்கு நாலு வருஷமாக முதல் அத்தியாயம். மார்ஸெல் ப்ரூஸ்ட்டின் நாவல் ஏழு பாகம். ஜெயமோகனின் 'வெண்முரசு' என்று ஒரே வரியில் சாதுவாக எழுதி வைத்திருந்தேன். 2014ல் ஆரம்பித்து 2020ல் முடித்த அந்த ஒரு வரிக்குள் 26 நாவல்கள்! என் 20 பக்கக் கணக்கில் அது மட்டுமே மூன்று வருஷத்துக்குக் குறையாது. மகாபாரதத்தை மனுஷர் தினமும் எழுதியிருக்கிறார், நமக்கு வாசிக்கவே மூச்சு வாங்குகிறது. இதையெல்லாம் படிப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் கும்பிடு. 96 காலி.

இங்கே உ.வே.சாமிநாதய்யர் கதையைச் சொல்லியாக வேண்டும். 1880 அக்டோபரில் கும்பகோணத்தில் அவர் காலேஜ் வாத்தியார். வயது 25. ஊருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன நூல் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் அல்லவா, அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, தூது, கோவை என்று அடுக்குகிறார். பட்டியல் நீள்கிறது. முதலியார் முகத்தில் ஈ ஆடவில்லை. இதையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்று கேட்டுவிட்டு, 'சீவக சிந்தாமணி' தெரியுமா என்கிறார். அதுதான் தெரியாது.

அந்த ஒரே ஒரு புத்தகத்தைப் பிடித்துக்கொண்டார் அய்யர். 3,145 பாட்டு. அது ஜைன காவியம். அர்த்தம் புரியாத இடங்களைக் கேட்கக் கும்பகோணத்து ஜைனர்கள் வீட்டுக்கு நடந்தார். ஏடு தேடினார். 1887ல்தான் அச்சில் வந்தது. ஏழு வருஷம்! அதற்கப்புறம் 1889ல் பத்துப்பாட்டு, 1892ல் சிலப்பதிகாரம், 1894ல் புறநானூறு, 1898ல் மணிமேகலை. நம் வீட்டு அலமாரியில் இன்று இவை இருக்கின்றனவென்றால், ஒருவர் நீளமான பட்டியலைக் கேட்டு மயங்காததும் ஒரு காரணம்.

நமக்கு அவ்வளவு பெரிய காரியமெல்லாம் வேண்டாம். நீளத்துக்கு மார்க் கிடையாது என்பது மட்டும் புரிந்தால் போதும்.

மூன்றாவது சுற்றுதான் கஷ்டமாக இருந்தது. என் பட்டியலில் ஒரு கிடார் வித்வான் குடியிருந்தார் (மூன்று புத்தகம்). ஜப்பான் மொழி பேசுகிற ஒருவர் இருந்தார். ஷேர் மார்க்கெட்டில் கோடி சம்பாதித்த ஒரு கனவான் பதினொரு வரியை வளைத்துப் போட்டிருந்தார். இவர்களை வெளியே அனுப்புவதில் வருத்தமில்லை. வாடகையே தராத ஆசாமிகள்.

ஆனால் ஒரு கலெக்டரும் இருந்தார். 2007ல் குடிவந்தவர். துர்கா தாஸ் பாசு எழுதிய இந்திய அரசியல் சட்டப் புத்தகம், சரித்திரம், பொருளாதாரம் என்று பதினைந்து வரி. சிவில் சர்வீஸ் பரீட்சைக்குப் பொதுப் பிரிவில் 32 வயது, பிற்படுத்தப்பட்டவர்களுக்கு 35 வயதுதான் வரம்பு. எந்த வரம்பில் பார்த்தாலும் எனக்கு பஸ் போய்ப் பல வருஷம் ஆகிறது. என் அப்பா மட்டும் பக்கத்து வீட்டில் "அடுத்த வருஷம் எழுதறான்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பதினைந்து வரிகளை அவர் பார்த்ததில்லை. ஆனால் அதில் பாதி அவருடையது. விரல் கொஞ்சம் நின்றது. எழுந்து போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்து அழித்தேன். அழித்ததும் ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது. அரசியல் சட்டத்தை என்றைக்காவது ஒரு குடிமகனாகப் படிக்கலாம். அதற்கு வயது வரம்பு கிடையாது.

மூன்றாவது சுற்றில் மொத்தம் 58 அவுட். மிச்சம் 117.

இவை நிஜமாகவே நல்ல புத்தகங்கள். இங்கே எனக்குக் கை கொடுத்தவர் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன். பிரசிடென்சி காலேஜில் கணக்கு வாத்தியாராக இருந்து, 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1931ல் அவர் எழுதிய நூலக விதிகள் ஐந்தே ஐந்து. உலகம் பூராவும் நூலகர்கள் பாடமாகப் படிக்கிறார்கள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகன் உண்டு என்று ஒரு விதி. அந்த வாசகன் நானாகவே இருக்கவேண்டும் என்று அவர் சொல்லவில்லை! படிப்பவனின் நேரத்தை மிச்சப்படுத்து என்று இன்னொன்று. கணக்கு வாத்தியார் கணக்கு வாத்தியார்தான்.

தவிர, 1954ம் வருஷத்துச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி எழும்பூர் கன்னிமரா நூலகத்துக்குப் போகவேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து வைக்க 1896லிருந்து ஒரு கட்டடம் இருக்கும்போது, அந்த வேலையை என் மொபைல் எதற்கு இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்?

எனவே லீவு நாட்களில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய் உட்கார்ந்தேன். கிடைத்த புத்தகங்களில் ஆளுக்குப் பத்துப் பக்கம். பதினோராவது பக்கத்துக்குக் கை தானாகப் போனால் உள்ளே, கொட்டாவி வந்தால் வெளியே. பெண் பார்க்கிற மாதிரிதான், ஆனால் பஜ்ஜி சொஜ்ஜி கிடையாது.

இன்னொரு விதியும் வைத்தேன்: சிபாரிசு செய்த ஆள் நம்மோடு இருந்தால் அந்தப் புத்தகத்துக்கு முதல் இடம். படித்துவிட்டுப் பேச ஆள் இருக்கும்போதே படித்துவிட வேண்டும். இந்த விதிக்குக் காரணம் எங்கள் பழைய சூப்பரின்டென்டென்ட்.

ரிட்டயராகி ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். 74 வயது. வேலையில் இருந்தபோது அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' நாவலைப் பற்றி வாரம் ஒரு தடவையாவது சொல்வார். 1977ல் வந்தது. நிஜாம் ஆட்சியின் கடைசிக் கட்டத்தில் சிகந்தராபாத்தில் வளரும் ஒரு பையனின் கதை. "கிரிக்கெட் ஆடற பையன் கதைன்னு ஆரம்பிக்கும் தம்பி. முடிக்கும்போது நீ வேற ஆளா இருப்பே" என்பார். பட்டியலில் அது 37ம் நம்பரில், இரண்டு தடி புத்தகங்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடந்தது. இருநூற்றுச் சொச்சம் பக்கம்தான். பத்துப் பன்னிரண்டு ரயில் பயணம்.

மிச்சமிருந்த 117ல் 93ஐ அனுப்பிவிட்டு 24ல் நிறுத்தினேன். ஒரு வருஷத்துக்கான கோட்டா. ஒன்று முடிந்தால்தான் ஒன்று உள்ளே வரலாம். அசோகமித்திரனைத்தான் முதலில் எடுத்தேன். பல்லாவரம் தாண்டும்போது கடைசிப் பக்கம் முடிந்தது. அந்தப் பக்கத்தைப் பற்றி இங்கே சொல்லப் போவதில்லை. தாம்பரத்தில் இறங்கி பிளாட்பாரத்து பெஞ்சில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஸ்ரீரங்கத்துக்கு போன் போட்டேன்.

கண் சரியில்லை, இப்போது எழுத்து தெரிவதில்லை என்றார் ஸார். "நீ சொல்லு, கேக்கறேன்" என்றார். சொன்னேன். நடுநடுவே நான் விட்ட இடங்களை அவர் எடுத்துக் கொடுத்தார். நாற்பது நிமிஷம். அவர் கண்ணால் படிக்க முடியாததை அன்றைக்கு இரண்டு பேருமாகப் படித்தோம்.

வைக்கும்போது, "அடுத்து மூணு புத்தகம் சொல்றேன், எழுதிக்கோ" என்றார்.

"ஸார், ஒரு இடம்தான் காலி. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மத்த ரெண்டை அடுத்த தடவை பேசும்போது வாங்கிக்கறேன்."

"அடுத்த தடவை எப்போ?"

"இதைப் படிச்சு முடிச்சதும்."

"எத்தனை பக்கம்னு பாத்துக்கோ. இன்னைலேர்ந்து பதினஞ்சு நாள் டயம்" என்று போனை வைத்துவிட்டார்.

ரிட்டயராகிப் பதினாறு வருஷம் ஆகிறது. மனுஷர் இன்னும் பெண்டிங் ஃபைல் வைக்க விடமாட்டேன் என்கிறார்.