உறைய வைக்கும் புரதம், கொழுப்பு இல்லாமல் உறைய வைக்கவில்லை

ஆய்வுக்கூடம் தரமணி ரயில் நிலையத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோக்காரர் எண்பது ரூபாய் கேட்டார், நடந்தேன். இரண்டாவது மாடி. கதவைத் திறந்ததுமே ஈஸ்ட் வாடை. பாக்டீரியா வளர்க்கும் தீனியின் வாடை அது, கொஞ்ச நேரத்தில் மூக்குக்குப் பழகிவிடுகிறது.

ஆராய்ச்சி மாணவி ஃப்ரீசரைத் திறந்தார். கதவில் மைனஸ் 80 என்று ஒட்டியிருந்தது. திரையில் மைனஸ் 74. "இப்பத்தான் யாரோ திறந்தாங்க சார்" என்றார். சுண்டுவிரல் நுனியளவு குப்பி ஒன்றைக் கையில் கொடுத்தார். ரசீதைக் கேட்டுப் பார்த்தேன்: 10 மைக்ரோகிராம், முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல்.

உள்ளே இருப்பது டிஷ்யூ ஃபேக்டர். ரத்தக் குழாயைச் சுற்றியுள்ள செல்களின் மேல் உட்கார்ந்திருக்கும் புரதம். காயம்பட்டு வெளியே வரும் ரத்தம் அதைத் தொட்டால், இந்தப் புரதம் ரத்தத்திலுள்ள ஏழாம் உறைதல் காரணியைப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து பத்தாம் காரணியைக் கிளப்பிவிட, திராம்பின் உண்டாகி, ஃபைப்ரின் இழைகளில் முடிகிறது. இந்தப் புரதத்தின் மரபணுவை 1987-இல் பிரித்தெடுத்தார்கள். இதற்காக ஆய்வகங்கள் வெகுகாலம் பெரும்பாலும் முயல் மூளையை நம்பியிருந்தன. இந்தக் குப்பியிலிருப்பது மனித மரபணுவை வைத்து ஈ.கோலி பாக்டீரியா செய்தது.

"இதுல விலங்கு சமாச்சாரமே கிடையாது சார்."

குப்பியை விளக்கில் பிடித்தேன். அடியில் மெல்லிய வெள்ளைப் படலம். 10 மைக்ரோகிராம் இப்படித் தெரியுமா? கூட வந்த தாளின் பொடி எழுத்தைப் படித்தால், புரதம் குப்பிச் சுவரில் ஒட்டி வீணாகாமலிருக்க ஐம்பது மடங்கு மாட்டு அல்புமின் சேர்த்திருக்கிறார்கள். நான் பார்த்த வெள்ளை அநேகமாக மாடுதான். மாணவி சிரித்துவிட்டார். அதற்குக் கீழேயே, ஆராய்ச்சிக்கு மட்டும், மனித உடலில் செலுத்தக் கூடாது என்றும் இருந்தது.

உறைவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றேன். சிட்ரேட் கலந்த ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மா, வெளிர் மஞ்சள். 37 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் மூன்று பிளாஸ்டிக் குழாய்கள். முதலாவதில் கால்சியம் மட்டும். இரண்டாவதில் கால்சியத்தோடு, ஏற்கெனவே கரைத்து வைத்திருந்த இதே புரதம். போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டேன். குழாயைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறார். நான்கு நிமிடம் தாண்டியும் இரண்டும் தண்ணீராகவே ஆடின. முப்பதாயிரம் ரூபாய்ச் சரக்கு!

மூன்றாவதில், ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் பி.டி. சோதனைக்காக மருத்துவ லேப்களுக்கு விற்கும் ரீஏஜென்டை விட்டார். அதிலும் மரபணு மாற்றிச் செய்த அதே மனிதப் புரதம்தான்; ஆனால் செல் சவ்வில் ஊன்றி நிற்கும் வால் பகுதியோடு, பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பில் பதித்தது. ஆடிக்கொண்டிருந்த திரவம் சட்டென்று நின்றது. என் போனில் 13 நொடி.

குப்பியிலிருந்த புரதத்தில் அந்த வால் வெட்டப்பட்டிருக்கிறது. காரணிகள் ஒன்றோடொன்று ஒட்டுவதை ஆராய வால் இல்லாத புரதமே போதும். பிளாஸ்மாவைச் சீக்கிரம் உறைய வைக்க, வாலை ஊன்றி நிற்கக் கொழுப்புப் பரப்பு வேண்டும்.

ரத்தம் உறைவதைத் தடுக்க வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பி.டி. ரிப்போர்ட்டில் வரும் நொடிகளை லேபுக்கு லேப் ஒப்பிடாதீர்கள். ரீஏஜென்ட் மாறினால் நொடியும் மாறும். அந்த வித்தியாசத்தைச் சரிசெய்து கணக்கிட்டதுதான் ஐ.என்.ஆர். அதைப் பாருங்கள், முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள்.